சாவியைக் கொடுத்தார், வால்வைக் காட்டவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் வீடு மாறிப் போகிறவர்களுக்கு என்று அரைப்பக்கக் குறிப்பு ஒன்று வந்திருந்தது. சன்னலுக்கு என்ன நிறத் திரை, வாசலில் எந்தச் செடி, பெயர்ப்பலகையை எவ்வளவு உயரத்தில் மாட்டுவது என்றெல்லாம் போட்டிருந்தீர்கள். என் மருமகள் அதைக் கத்தரித்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருக்கிறாள். அதனால் தினமும் ஒருமுறை படித்துவிட்டு ஒருமுறை சிரிக்கிறேன். குறை சொல்ல எழுதவில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் வீடு மாறுகிறவர்களுக்கு முதல் வரியாக இருந்திருக்க வேண்டியது, எந்தக் குழாயில் எந்தத் தண்ணீர் வருகிறது என்று பார்ப்பது. அது அதில் விட்டுப்போயிருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீளமாகத் தெரிந்தால் வெட்டிக்கொள்ளுங்கள். தண்ணீரைப் பற்றி எழுதியிருப்பதில் மட்டும் கைவைக்காதீர்கள்.

நான் பென்னாகரம் வட்டாரத்தில் 31 வருடம் அங்கன்வாடிப் பணியாளராக இருந்து ஓய்வுபெற்றவள். சத்துமாவுக்கு ஒரு பதிவேடு, எடைக்கு ஒன்று, தடுப்பூசிக்கு ஒன்று, வருகைக்கு ஒன்று என்று எழுதியே விரல் கோணிப்போன கை இது. மகனுக்கு வேலை தருமபுரியில். தினமும் பஸ்ஸில் போய்வந்தே பாதியாக இளைத்துவிட்டான். பேத்திக்கு நாலு வயது, பள்ளிக்கூடம் சேர்க்க வேண்டும். ஓய்வு பெற்றபோது கையில் வந்தது, மருமகள் நகை, வங்கிக் கடன் எல்லாம் சேர்த்து, பென்னாகரம் சாலையில் ஊர் முடிந்து வயல் தொடங்குகிற இடத்தில் 12 வருடம் பழைய வீடு ஒன்றை வாங்கினோம். மார்கழி போகட்டும் என்று காத்திருந்து, தை பிறந்ததும் நாள் பார்த்துப் பால் காய்ச்சினோம். சாமான் இரண்டு குட்டியானையில் வந்தது. ஆட்டுக்கல்லை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று நான் பிடித்த பிடிவாதத்தால்தான் இரண்டாவது வண்டி வைக்க வேண்டியதாயிற்று என்று எங்கள் வீட்டுக்காரர் இன்னும் சொல்லிக்காட்டுகிறார்.

வீட்டை விற்றவர் மரியாதையான மனிதர். பத்திரம் முடிந்ததும் வெற்றிலை பாக்குத் தட்டில் சாவிக்கொத்தை வைத்துக் கொடுத்தார். ஒன்பது சாவி. அதில் இரண்டுக்கு இன்றுவரை பூட்டு கிடைக்கவில்லை. சாவியோடு வீட்டைப் பற்றி அவர் சொன்னது ஒன்றே ஒன்று: "அடுப்படிக் குழாயில ஒகேனக்கல் தண்ணிதாங்கம்மா வரும், யோசனையே பண்ணாதீங்க." ஒகேனக்கல் தண்ணீர் என்றால் குழாய் போட்டுக் கொண்டுவரும் காவிரிக் குடிநீர்.

யோசிக்க வைத்தது துவரம்பருப்பு. மூன்றாம் நாள் சாம்பாருக்குப் போட்ட பருப்பு ஆறு விசில் அடித்தும் சரளைக்கல் மாதிரி கிடந்தது. "பருப்பு பழசு அத்தை" என்றாள் மருமகள். அதே டப்பாப் பருப்பைத்தான் போன வாரம் பென்னாகரத்தில் நாலு விசிலில் மசித்தேன். வெந்நீர் வைத்த சட்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன். மூன்றே நாளில் அடியில் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருந்தது. இது ஒகேனக்கல் தண்ணீர் இல்லை, ஆழ்துளைக் கிணற்றுப் போர் தண்ணீர் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

மகனை மொட்டைமாடித் தொட்டிக்கு ஏணி வைத்து ஏறச் சொன்னேன். மேலே இரண்டு தொட்டிகள். கருப்பு, போர் தண்ணீருக்கு. வெள்ளை, ஒகேனக்கல் தண்ணீருக்கு. இரண்டையும் சேர்த்து நடுவில் ஒரு குழாய், அதில் ஒரு கேட் வால்வு, அது முழுக்கத் திறந்தபடி. ஏதோ ஒரு கோடையில் குடிநீர் வராதபோது பாத்திரம் கழுவவாவது ஆகட்டும் என்று இணைத்திருக்கிறார்கள். பிறகு மூடவில்லை. எத்தனை வருடமோ, கைப்பிடி துருப்பிடித்துத் திருப்பவே முடியவில்லை. விற்றவருக்குப் போன் போட்டேன். "ஆமாங்கம்மா, அது ஒண்ணு இருக்குது, சொல்ல மறந்துட்டேன். ஆனா போர் தண்ணியும் தேன் மாதிரி இருக்குங்க. நாங்க இத்தனை வருசமா அதைத்தானே குடிச்சோம், எங்களுக்கு என்ன ஆச்சு?" என்றார்.

இந்த மாதிரித் தண்ணீர் என்ன செய்யும் என்பதைப் பத்திரப் பதிவன்று அவர் சிரித்தபோதே பார்த்துவிட்டேன். முன்பற்களில் குறுக்கே பழுப்புக் கோடு. எனக்கும் இருக்கிறது.

வெளியூரில் எங்கள் ஊர்க்காரர்களைப் பல்லைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்கள். சின்ன வயதில் நான் அதை அழுக்கு என்று நினைத்து அடுப்புச் சாம்பல், செங்கல் பொடி எல்லாம் போட்டுத் தேய்த்து ஈறு புண்ணாகிக் கிடந்திருக்கிறேன். கல்யாணப் போட்டோவில் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு நிற்கிறேன். ஏதோ கோபமாக இருந்தேன் என்று பேத்தி நினைக்கிறாள். அது அழுக்கு இல்லை, தண்ணீரில் இருக்கும் ஃபுளோரைடு பல்லுக்குள்ளேயே செய்துவிட்டுப் போன வேலை என்பது வேலைக்குச் சேர்ந்து பயிற்சிக்குப் போனபோதுதான் எனக்குத் தெரிந்தது. அதன்பிறகு 31 வருடமும் மையத்துக்கு வந்த ஒவ்வொரு குழந்தையையும் வாயைத் திற என்று சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

தருமபுரியும் கிருஷ்ணகிரியும் 2004 பிப்ரவரி வரைக்கும் ஒரே மாவட்டம். மாவட்டம் பிரிந்தது, அடியிலிருக்கும் பாறை பிரியவில்லை. பாறையிலுள்ள ஃபுளோரைடு நிலத்தடி நீரில் கரைந்து வருகிறது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு தண்ணீருக்கு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தரக் கணக்கு. நிலைத்த பற்கள் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் முதல் எட்டு வயதுக்குள் குழந்தை எந்தத் தண்ணீரைக் குடிக்கிறதோ அதுதான் பல்லில் எழுதப்படும். பெரியவர்கள் வருடக்கணக்கில் அதிகமாகக் குடித்தால் எலும்பிலும் மூட்டிலும் போய்ச் சேரும். இதற்காகத்தான் காவிரியை ஒகேனக்கல்லில் எடுத்து, ஜப்பான் கடனுதவியில் இரண்டு மாவட்டத்துக்கும் குழாய் போட்டு, 2013-ல் திறந்தார்கள். அந்தத் திட்டத்தின் முழுப் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் (ஃபுளோரைடால் பல்லும் எலும்பும் கெடும் நோய்) பாதிப்பைக் குறைப்பது என்று இருக்கிறது. அத்தனை தூரம் குழாயில் வந்த தண்ணீரை, வீட்டு மொட்டைமாடியில் ஒரு முக்கால் அங்குலக் குழாயைப் போட்டுக் கெடுத்து வைத்திருந்தோம்.

இதில் படித்தவர்களும் தப்பாக நம்புகிற சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. தண்ணீர் வற்ற வற்ற இன்னும் அடர்த்திதான் ஆகும். மண்பானையில் ஊற்றினால் குளிரும், அவ்வளவே. மெழுகுவர்த்தி மாதிரி வடிகட்டி வைத்த ஃபில்டரும், நீல விளக்கு எரிகிற ஃபில்டரும் இதைத் தொடாது. ஆர்.ஓ. எந்திரம் பெருமளவு எடுக்கும், ஆனால் அதன் மெம்பிரேன் என்கிற வடிகட்டும் சவ்வு பழசாகாமல் இருக்க வேண்டும். அதிலிருந்து வெளியே தள்ளும் கழிவுத் தண்ணீரைப் பிடித்து அரிசி களைவது, களி கிண்டுவது என்று யாரும் ஆரம்பிக்கக் கூடாது. எந்திரம் விற்க வருகிறவர் பேனா மாதிரி ஒரு டி.டி.எஸ். மீட்டரை டம்ளரில் விட்டு எண்ணைக் காட்டுவார். அது கரைந்திருக்கும் உப்பின் மொத்தக் கணக்கு. ஃபுளோரைடு எவ்வளவு என்று அது சொல்லாது. டி.டி.எஸ். குறைவாக இருக்கும் தண்ணீரிலும் ஃபுளோரைடு கூடுதலாக இருக்கலாம். நாக்கைக் கேட்டும் பயனில்லை, அதற்கு ருசி கிடையாது. தேன் மாதிரி இருக்கிறது என்று விற்றவர் சொன்னது பொய்யில்லை.

இன்னொன்று. கேன் தண்ணீர் வாங்கிக் குடிக்கிறோம், பிறகென்ன என்று பல வீடுகளில் சொல்கிறார்கள். சோறும் பருப்பும் களியும் எந்தத் தண்ணீரில் வேகின்றன என்று கேட்டால் முழிக்கிறார்கள். அரிசி இழுத்துக்கொள்கிற தண்ணீரும் வயிற்றுக்குள்தானே போகிறது?

சந்தேகத்தைத் தீர்க்கக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகம் இருக்கிறது. கட்டணம் கட்டித் தண்ணீரைக் கொடுத்தால் எழுத்தில் முடிவு தருவார்கள். மோட்டாரைச் சிறிது நேரம் ஓடவிட்டு, சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலை அதே தண்ணீரால் இரண்டு மூன்று முறை அலசி, பிறகு நிரப்பி மூடி, எந்தத் தண்ணீர், என்றைக்குப் பிடித்தது என்று மேலே எழுதிக் கொண்டுபோக வேண்டும். நான் இரண்டு பாட்டில் கொண்டுபோனேன்: நேராகப் போரிலிருந்து ஒன்று, அடுப்படிக் குழாயிலிருந்து ஒன்று. போர் தண்ணீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 2.4 மில்லிகிராம். அடுப்படியில் 1.9. விற்றவருக்கு அந்தத் தாளைப் படம் எடுத்து அனுப்பினேன். இரண்டு நீல டிக் வந்தது, பதில் வரவில்லை.

பிளம்பர் தம்பி வந்து இரண்டு தொட்டிக்கும் நடுவிலிருந்த குழாயை அறுத்தெடுத்து, இரண்டு பக்கமும் மூடி போட்டார். வால்வை மட்டும் மூடினால் போதாதா என்று மகன் கேட்டான். திறக்க முடிகிற வால்வை ஏதோ ஒரு கோடையில் யாராவது திறப்பார்கள் என்றேன். அடுப்படிக் குழாய் வெள்ளைத் தொட்டிக்கு மட்டும். குளியலறை, கழிவறை, துணி துவைக்கும் கல் எல்லாம் கருப்புத் தொட்டிக்கு. கருப்புத் தொட்டிக் குழாய் ஒவ்வொன்றின் கழுத்திலும் சிவப்புப் பெயின்ட் அடித்தேன். பேத்திக்குப் படிக்கத் தெரியாது, நிறம் தெரியும். சிவப்பில் வாய் வைக்கக் கூடாது என்று ஒரே நாளில் பிடித்துக்கொண்டாள். இப்போது வீட்டுக்கு வருகிற விருந்தாளிகளை அவள்தான் அதட்டுகிறாள்.

தரைத்தொட்டியையும் இறைத்துக் கழுவினோம். அடியில் ஒரு சாண் சேறு, ஒரு ரப்பர் பந்து, ஒரு எவர்சில்வர் டம்ளர். தேய்த்துக் கழுவி, பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றி ஊறவிட்டு, மறுபடி அலசிவிட்டோம். ஊராட்சி மேல்நிலைத் தொட்டியில் கழுவிய நாளை எழுதிவைப்பார்கள் இல்லையா, அதே மாதிரி எங்கள் தொட்டியிலும் எழுதிவைத்திருக்கிறேன். மூடி சரியாகப் பொருந்துகிறதா என்று பாருங்கள். டெங்கு கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை, நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். ஒரு வாரம், பத்து நாளில் முட்டை கொசுவாகிவிடும். உடைந்த மூடிக்கு மேல் சாக்குப் போட்டு மூடியிருந்தால் அது மூடியில்லை.

தண்ணீர் என்றைக்கு வரும் என்பதைச் சொல்லக்கூட எங்களுக்கு ஆள் இல்லை. முதல் தடவை வந்தபோது நாங்கள் தூங்கிக்கொண்டிருந்தோம், இரண்டாம் தடவை கோயிலுக்குப் போயிருந்தோம். எதிர்வீட்டுப் பாட்டிதான், "டேங்க் ஆபரேட்டர் நம்பர் வாங்கலியா? பால்காரனுக்கு முன்னாடி அவரைத் தெரிஞ்சுக்கோணும்" என்று சொன்னார். தெருவுக்குத் தண்ணீர் திறந்துவிடுகிறவர்தான் அந்த ஆபரேட்டர். எங்கள் தெருவுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள், விடியற்காலை. நான் படித்த எந்தக் குறிப்பையும்விட அந்தப் பாட்டி சொன்னது உபயோகமாக இருந்தது.

தண்ணீருக்கு அடுத்தது மின்சாரம். குடிவந்த ஒரு வாரத்தில் வாஷிங் மெஷினைத் தொட்டால் கை ஜிவ்வென்றது. ஈரக் கைதான் காரணம் என்று வீட்டில் எல்லாரும் சொன்னார்கள். செருப்பு போட்டுக்கொண்டு துவை என்று எனக்கு யோசனை வேறு. வயர்மேனைக் கூப்பிட்டேன். அவர் முதலில் கேட்டது, "எர்த் குழி எங்கம்மா?" கசிகிற மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கிவிடும் குழி அது. வீடு முழுக்கத் தேடினோம், காணோம். வாசலில் டைல்ஸ் போட்டபோது குழியின் மேலேயே போட்டு மூடிவிட்டார்கள், போதாததற்கு எர்த் கம்பியும் அறுந்து தொங்கியது. மூன்று ஊசி பிளக்கில் மேலே இருக்கும் பெரிய ஊசி இந்த எர்த்துக்குத்தான் என்று தெரியாமலே எத்தனையோ வீட்டில் எத்தனையோ வருடம் ஓடுகிறது. புதிதாகக் குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு, குழாய் இறக்கி, கம்பி இழுத்தார். கோடையில் அந்தக் குழிக்கு அவ்வப்போது தண்ணீர் ஊற்றுங்கள் என்றார். துளசிக்கு ஊற்றும்போது அதற்கும் ஒரு செம்பு ஊற்றுகிறேன். எங்கள் வீட்டுக்காரர் அதற்கும் ஒரு பொட்டு வை என்கிறார்.

மெயின் சுவிட்ச் பெட்டியில் ஆர்.சி.சி.பி. என்று ஒன்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் வைக்க வேண்டும். மின்சாரம் ஆள் வழியாகக் கசிந்தால் கண் இமைக்கும் நேரத்தில் துண்டிக்கிற சாதனம் அது. வீட்டுக்கு 30 மில்லி ஆம்பியர் என்று போட்டிருப்பதை வாங்க வேண்டும். அதில் டெஸ்ட் என்று ஒரு பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை அழுத்தினால் அதன் சுவிட்ச் தானே விழுந்து மின்சாரம் நிற்க வேண்டும். எங்கள் வீட்டில் இருந்தது அழுத்தினாலும் அசையவில்லை, அலங்காரத்துக்கு இருந்தது. எந்த சுவிட்ச் எந்த அறைக்கு என்பதை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்து, பெட்டியின் கதவுக்கு உள்பக்கம் எழுதி ஒட்டினேன். ராத்திரியில் லைன் போனால் கூப்பிட, மின்வாரியப் புகார் மையமான மின்னகம் எண் 94987 94987-ஐயும் அதற்குக் கீழே எழுதினேன்.

இனி காகிதம். இதில் நான் இரண்டு மாதம் வீணாக்கினேன், காரணம் வரிசை தெரியாதது. ரேஷன் அட்டையில் முகவரி மாற்றப் போனால் முகவரிச் சான்று கேட்டார்கள். ஆதாரைக் காட்டினால் அதில் பென்னாகரம். ஆதாரை மாற்றப் போனால் அதற்கும் சான்று வேண்டும். கரண்ட் பில்லைக் காட்டலாம், ஆனால் பில் விற்றவர் பெயரில் இருக்கிறது. எனவே எங்கள் அனுபவத்தில் வரிசை இதுதான்: முதலில் மின் இணைப்பும் வீட்டு வரியும் உங்கள் பெயருக்கு மாற வேண்டும், அதை வைத்து ஆதார், ஆதாரை வைத்து ரேஷன் அட்டை, வங்கி, மற்றதெல்லாம். மின் இணைப்புப் பெயர் மாற்றத்துக்கு விற்றவரிடம் ஒப்புதல் கடிதத்தைப் பத்திரப் பதிவு நடக்கும் அன்றே கையெழுத்து வாங்கிவிடுங்கள். பணம் கைமாறிய பிறகு மனிதரைப் பிடிப்பது கஷ்டம். பழைய பில் பாக்கி இருக்கிறதா என்றும் அன்றே பாருங்கள். ஒருவர் பெயரில் மாறிவிட்டால் வீட்டில் மற்றவர்கள் குடும்பத் தலைவர் ஆதாரை வைத்தே தங்கள் ஆதாரில் முகவரியை மாற்றிக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் மருமகளுக்கு அப்படித்தான் மாற்றினோம்.

பத்திரம் பதிந்த சில நாள் கழித்து வில்லங்கச் சான்றை (சொத்தின் பதிவுகளைக் காட்டும் தாள்) ஒருமுறை எடுத்து உங்கள் பெயர் ஏறியிருக்கிறதா, தலைப்பெழுத்து சரியா என்று பாருங்கள். என் மகன் பெயரில் ஒரு கொம்பு விட்டுப்போயிருந்தது. உட்பிரிவு இல்லாத மனையாக, அதாவது பிரிக்காமல் முழுதாக வாங்கியதாக இருந்தால் பதிவோடு பட்டாவும் மாறும் ஏற்பாடு உண்டு. மாறிவிட்டதா என்பதை இணையத்தில் பார்த்தால்தான் நிச்சயம். வாக்காளர் பட்டியலுக்கு வீடு மாறியவர்கள் படிவம் 8 கொடுக்க வேண்டும். படிவம் 6 புதிதாகச் சேர்கிறவர்களுக்கு. தெரியாமல் 6-ஐக் கொடுத்து இரண்டு ஊரிலும் பெயர் வைத்திருப்பவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள், அதைப் பெருமையாக வேறு சொல்கிறார்கள்.

கேஸ் விஷயத்தில் தப்பு எங்கள் மேல்தான். சிலிண்டர், ரெகுலேட்டர் இரண்டையும் ஆட்டுக்கல்லோடு சேர்த்து ஏற்றிக்கொண்டு வந்துவிட்டோம். பழைய ஏஜென்சியில் ஒப்படைத்து, மாறுதல் சீட்டு வாங்கிக்கொண்டு வந்து புது ஏஜென்சியில் கொடுக்க வேண்டும் என்றார்கள். மகன் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு இண்டூர் வழியாகத் திரும்பப் பென்னாகரம் போனான். புது இணைப்பு வந்ததும் டியூபையும் மாற்றிவிடுங்கள். ஆரஞ்சு டியூபுக்கு ஐந்து வருடம்தான் ஆயுசு, தேதி அதன் மேலேயே அச்சாகியிருக்கும். சிலிண்டரின் கழுத்துப் பட்டையில் ஏ, பி, சி, டி என்று ஒரு ஆங்கில எழுத்தும் வருடமும் இருக்கும். ஏ என்றால் ஜனவரியிலிருந்து மார்ச், இப்படியே மூன்று மூன்று மாதம். சிலிண்டரை மறுபடி பரிசோதிக்க வேண்டிய கெடு அது. அந்தக் கெடு தாண்டிய சிலிண்டரை இறக்க விடாதீர்கள். கசிவு என்றால் 1906.

செப்டிக் டேங்க் மூடியும் டைல்ஸுக்கு அடியில்தான் இருந்தது. (டைல்ஸ் போட்ட கொத்தனார் எதையும் விட்டுவைக்கவில்லை.) தட்டித் தட்டிச் சத்தம் கேட்டுக் கண்டுபிடித்து, அந்த ஒரு டைல்ஸை மட்டும் எடுத்துக் கழற்றி மாட்டுகிற மாதிரி செய்தோம். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை லாரி வைத்து எடுக்க வேண்டும். எதிர்வீட்டில் யாரோ சொன்னார்கள், ஆள் இறங்கினால் சுத்தமாக இருக்கும் என்று. ஆளை இறக்குவது 2013 சட்டப்படி குற்றம். அதைவிட, உள்ளே இருக்கும் வாயு ஒரு மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும். லாரிக்கு 14420-ல் கேட்கலாம். மழைநீர்த் தொட்டி 2003-லிருந்து கட்டாயம் என்பதால் எங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தது, நிறைய மணலும் பீர் பாட்டிலுமாக. அதையும் தூர்வாரினோம்.

ஒருநாள் ராத்திரி எங்கள் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை இறங்கி வியர்த்துக் கொட்டியது. 108-க்குப் போன் போட்டு, வீட்டுக்கு வழி சொல்லத் தெரியாமல் மருமகள் திணறினாள். புது இடம், கதவு எண் பழசா புதுசா என்றே தெரியாது, செல்போன் வரைபடம் எங்கள் வீட்டைக் கரும்புத் தோட்டத்துக்குள் காட்டுகிறது. வண்டி வருவதற்குள் சர்க்கரைத் தண்ணீர் குடித்து அவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார், நல்லவேளை. மறுநாளே கதவு எண், தெரு, எந்த பஸ் நிறுத்தம், எந்தக் கோயில் முனையில் திரும்ப வேண்டும் என்று நாலு வரி எழுதிச் சுவரில் ஒட்டினேன். நீங்கள் சொன்ன பெயர்ப்பலகையையும் மாட்டினேன். ஆனால் எண்ணைப் பெரிதாகவும் பெயரைச் சின்னதாகவும் எழுதச் சொன்னேன்.

கடைசியில் பழைய பழக்கம் விடவில்லை. நீளநோட்டு ஒன்று வாங்கி, கோடு போட்டு, வீட்டுக்கு ஒரு பதிவேடு ஆரம்பித்துவிட்டேன். எந்தக் குழாய் எந்தத் தொட்டி, வால்வுகள் எங்கே, எர்த் குழி எங்கே, செப்டிக் மூடி வாசல்படியிலிருந்து எத்தனை அடி, போர் எத்தனை அடி, மோட்டார் என்றைக்கு மாற்றியது, தண்ணீர்ப் பரிசோதனை முடிவு, மின் இணைப்பு எண், டேங்க் ஆபரேட்டர், வயர்மேன், பிளம்பர் எண்கள். எல்லாம் சேர்த்து நாலு பக்கம்தான் வந்தது. விற்றவர் 12 வருடம் அந்த வீட்டில் இருந்தவர், ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் இதை எழுதித் தந்திருப்பார். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, யாரும் கேட்கவில்லை, அவருக்கும் தோன்றவில்லை. மாடு வாங்கும்போது பல்லைப் பிடித்துப் பார்த்து, எத்தனை ஈத்து, உதைக்குமா, எந்த நேரம் கறக்கும் என்று அத்தனையும் கேட்கிறோம். வீட்டுக்கு வாசல் எந்தத் திசை என்பதோடு நிறுத்திவிடுகிறோம்.

எனவே இரண்டு வேண்டுகோள். வீட்டு வரிப் பெயர் மாற்றத்துக்கு வருகிறவர்களுக்கு, ரசீதோடு ஒரு தாள் சேர்த்துக் கொடுக்க ஊராட்சிகளும் நகராட்சிகளும் ஏற்பாடு செய்யலாம்: உங்கள் தெருவுக்குத் தண்ணீர் வரும் நாள், திறந்துவிடுபவர் எண், குப்பை வண்டி வரும் நேரம், தண்ணீர்ப் பரிசோதனை எங்கே, செப்டிக் லாரிக்கு எந்த எண். ஒரு பக்கம் போதும். இரண்டாவது உங்களுக்கு. நான் கோடு போட்ட அந்த நாலு பக்கத்தையும் எழுத்து நிரப்பாமல் வெறும் படிவமாக நகலெடுத்து இதோடு வைத்திருக்கிறேன். கத்தரித்து ஒட்டுகிற அளவில் அதை ஒரு ஞாயிற்றுக்கிழமை போடுங்கள். திரைச்சீலைக் குறிப்புக்குப் பக்கத்தில் ஃபிரிட்ஜ் கதவில் இன்னும் இடம் இருக்கிறது.

என் பெயரையும் தெருவையும் வெளியிட வேண்டாம். வீட்டை விற்றவர் எங்கள் தெரு முனைக் கடைக்குத்தான் இப்போதும் டீ குடிக்க வருகிறார். போன வாரம்கூட வந்து, அந்த இரண்டு சாவி எதற்கு என்று ஞாபகம் வந்தால் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அங்கன்வாடிப் பணியாளர்,
பென்னாகரம் சாலை, தருமபுரி.